பிசிறு: ராயபுரத்து மொட்டைமாடியில் அக்வாடின்ட்டும் டிரைபாயின்ட்டும்

செப்புத் தகட்டிலிருந்து படம் அச்சடிக்கப் பழகினேன். நாலாவது தகட்டில்தான் கறுப்பு கறுப்பாக விழுந்தது. முதல் மூன்றும் ஆளுக்கொரு விதத்தில் கெட்டன. ஒன்று வெளிறிப்போனது, ஒன்றில் என் கட்டைவிரல் ரேகை வந்தது, ஒன்று சொறி பிடித்த மாதிரி ஆனது. இருபது வருஷமாக ஆயிலிலும் அக்ரிலிக்கிலும் அரூப ஓவியம் வரைகிறவன் நான். பிடிக்காத இடத்தில் மேலே இன்னொரு பூச்சு அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பதுதான் பழக்கம். செப்புத் தகட்டில் அந்தப் பாச்சா பலிக்காது என்று புரிய எனக்கு மூன்று தகடும் ஏறக்குறைய ஒரு கோடையும் ஆனது. எங்கே எப்படிக் கெட்டது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இந்த வேலையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அக்வாடின்ட், டிரைபாயின்ட் இரண்டுமே தகட்டுப் பள்ளத்தில் மை தங்கும் ஜாதி. தகடு முழுக்க மை தடவி, மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவில் அழுத்தி எடுத்தால், பள்ளத்தில் மிஞ்சியிருக்கும் மை காகிதத்துக்கு வந்துவிடும். டிரைபாயின்ட்டில் ஆசிட்டே கிடையாது. கூர்முனையால் தகட்டை நேராகக் கீறுகிறோம். ஏர் போகும்போது சால் ஓரத்தில் மண் புரள்கிற மாதிரி கீறலின் ஓரத்தில் செம்பு புரண்டு நிற்கும், அந்தப் பிசிறில் மை சிக்கிக்கொண்டு கோடு வெல்வெட் மாதிரி விழும். அக்வாடின்ட்டில் கோடே கிடையாது. பிசின் பொடியைத் தகட்டில் படியவைத்து, அடியில் சூடு காட்டி ஒட்டவைத்து, அரிக்கும் திரவத்தில் இறக்கினால் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளை மட்டும் அது தின்னும். கொஞ்ச நேரம் தின்றால் இளஞ்சாம்பல், நிறைய நேரம் தின்றால் கறுப்பு. ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-ல் வெளியிட்ட 'காப்ரிச்சோஸ்' வரிசையில் 80 படங்கள். அவற்றில் ஆட்களுக்குப் பின்னால் கவிந்து நிற்கிற இருட்டெல்லாம் இந்தப் பொடி செய்த வேலைதான்.

பொடி படிவது துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் இருக்கும் எங்களுக்குப் புதிது இல்லை. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நிற்கும் வரைக்கும், காலையில் மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் சாயங்காலத்துக்குள் கரி உட்கார்ந்திருக்கும். உதறினால் பாதிதான் போகும். கையால் தட்டினால் இழுத்துக்கொண்டு கோடாகிவிடும். அதனால் அம்மா வேட்டியை இரண்டு ஓரத்திலும் பிடித்து, ஒரு ஆட்டு, ஒரே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அப்படியே மறுபடி தண்ணீரில் போடுவார். அக்வாடின்ட் பொடி படியவைக்கும் பெட்டியிலிருந்து முதல் தடவை தகட்டை வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தபோது எனக்கு அந்த வேட்டிதான் ஞாபகம் வந்தது. வரையப்போகிற விஷயமும் அத்தோடு முடிவாகிவிட்டது: படம் என்று ஒன்றும் இல்லை, மூன்று பட்டை, அதன் மேல் நெட்டுக்குத்தாகச் சில கோடுகள், அவ்வளவுதான். மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலும் கிரேனும் கன்டெய்னரும் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

முதலில் பிரஸ், அதாவது தகட்டையும் காகிதத்தையும் உருளைகளுக்கு நடுவில் அழுத்தும் மெஷின். புது எட்சிங் பிரஸ்ஸுக்கு விலை கேட்டேன், கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கிராஃபிக் ஸ்டூடியோ இருக்கிறது, முறையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் அங்கே போவதுதான் உத்தமம். எனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் வேலை ஓடும் என்பதால் வீட்டிலேயே ஒன்று வேண்டும் என்று பிடிவாதம். மூலக்கடை பக்கம் ஒரு காயலான் கடையில் கைச்சக்கரம் வைத்த பழைய கரும்பு ஜூஸ் மெஷின் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய் இறக்கினேன். உருளைகளில் இருந்த காடி எல்லாம் போகிற வரைக்கும் கடைசல் பிடித்து வழவழவென்று ஆக்கினார், நடுவில் ஓட 10 மில்லிமீட்டர் இரும்புப் பலகை ஒன்று வைத்தார், மேல் உருளையை இறக்கி அழுத்த இரண்டு பக்கமும் பெரிய போல்ட். "ஜூஸ் கடை போடப் போறியா தம்பி?" என்று கேட்டார். காகிதத்தைப் பிழியப் போகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். உருளை நீளம் கம்மி என்பதால் என் தகடு எதுவும் 6 அங்குல அகலத்தைத் தாண்ட முடியாது. ஆறடி கேன்வாஸில் வேலை செய்து பழகினவனுக்கு முதலில் மூச்சு முட்டியது. இப்போது பழகிவிட்டது.

செப்புத் தகடு 6க்கு 8 அங்குலம், 18 கேஜ், கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர் கனம். மெல்லிசாக வாங்கினால் பிரஸ்ஸில் நெளியும். நாலு ஓரத்தையும் அரத்தால் சரிவாக ராவவேண்டும், இதில் சோம்பல் கூடாது. ஓரம் கூராக இருந்தால் காகிதத்தையும் அச்செடுக்கும்போது அதன் மேல் போடும் கம்பளியையும் சேர்த்து வெட்டிவிடும். அப்புறம் வாட்டர் பேப்பரில் 400, 800, 1200 என்று தேய்த்து, கடைசியில் பிராசோ பாலிஷ். கறை எடுக்கப் புளியும் உப்பும் போதும், குத்துவிளக்குத் தேய்க்கிற அதே முறை. ஆனால் புளி கறையை எடுக்குமே தவிர எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது. அதற்குச் சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கவேண்டும். குழாயடியில் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்காமல் பாலாடை மாதிரி முழுசாகப் படியவேண்டும். அப்படிப் படிந்த பிறகு தகட்டின் முகத்தை விரலால் தொடவே கூடாது. நான் தொட்டேன். பஜ்ஜி சாப்பிட்ட கை. இரண்டாவது தகட்டில், அடர்சாம்பல் பட்டையின் நடுவில், ஆதாருக்கு எடுத்த மாதிரி சுத்தமாக ஒரு கட்டைவிரல் ரேகை வெள்ளையாக நின்றது.

இனி பொடி. வேண்டியது ரோசின், அதாவது பைன் மரத்துப் பிசின். மின்ட் தெருப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் விளக்கிச் சொன்னேன், "குங்கிலியம்தானே" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அது வேறு மரத்துப் பிசின். நான் அதையும் அரைத்துப் பார்த்தேன், சூடு பட்டதும் உருகவேண்டிய நேரத்தில் உருகாமல், அப்புறம் ஒரேயடியாகக் கருகி, வீடே கோயில் மாதிரி மணந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார். கடைசியில் சால்டரிங் சாமான் விற்கும் கடையில் தேன் நிறக் கட்டியாக நிஜ ரோசின் கிடைத்தது. மிக்ஸியில் போடாதீர்கள், சூட்டில் இளகி ஜாரிலேயே ஒட்டிக்கொள்ளும். அம்மியில் அல்லது கல்லுரலில் கொஞ்சம் கொஞ்சமாக நுணுக்கி, மெல்லிய துணியில் சலிக்கவேண்டும்.

பெட்டிக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே எல்லா மூலையையும் பிரவுன் டேப் போட்டு அடைத்து, கீழே தகடு நுழைகிற மாதிரி ஒரு கதவு வெட்டினேன். ஒரு டம்ளர் பொடியை உள்ளே கொட்டி, பெட்டியைத் தூக்கி நன்றாகக் குலுக்கிவிட்டு, உடனே தகட்டை வைக்கக் கூடாது. பெரிய துகள்கள் முதலில் விழட்டும் என்று விடவேண்டும். இருபது எண்ணினால் சொரசொரப்பான மணல் மாதிரி படியும், ஒரு நிமிஷம் விட்டால் மாவு மாதிரி. எனக்குப் பிடித்தது நாற்பது எண்ணிக்கை. தகட்டை உள்ளே தள்ளிவிட்டு ஐந்து நிமிஷம் பெட்டியைத் தொடாமல் சும்மா உட்காரவேண்டும். எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் செம்பில் பாதிதான் மூடியிருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் துகள்கள் உருகி ஒன்றோடொன்று சேர்ந்து வெறும் வார்னிஷ் ஆகிவிடும்.

மாஸ்க் கட்டாயம், இந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. இன்னொன்று, காற்றில் பறக்கும் ரோசின் பொடி நெருப்புக் கண்டால் குப்பென்று பற்றும், வெடிக்கவும் செய்யும். எனவே பெட்டி மாடி அறையில், கேஸ் அடுப்பு கீழே சமையலறையில். இரண்டுக்கும் நடுவில் பதினாறு படி. அந்தப் பதினாறு படியில்தான் மூன்றாவது தகடு போனது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கள் ஏரியாவில் கடல்காற்று ஏறும், ஊருக்கெல்லாம் அது வரப்பிரசாதம், பொடி தூவிய தகட்டை ஏந்திக்கொண்டு படி இறங்குகிறவனுக்கு மட்டும் எமன். ஒரு பக்கத்துப் பொடி ஒதுங்கியதைக் கவனிக்காமல் சூடு காட்டினேன், அதுவும் அவசரத்தில் அரைகுறையாக. திரவத்தில் இறக்கியதும் ஒட்டாத பொடி பொரிந்து பொரிந்து மேலே வந்தது, தகடு திட்டுத்திட்டாகச் சொறி ஆனது. அதிலிருந்து பொடி வேலை எல்லாம் காலை ஐந்தரை மணிக்கு, மீன் ஏலத்துக்குக் காசிமேடு போகிற ஆட்டோக்களின் சத்தத்தில்தான்.

சூடு காட்டுவதைக் கண்ணால்தான் பழகவேண்டும். தகட்டைக் கம்பி வலையில் வைத்து, அடுப்பின் சிறு தீக்கு மேல் வட்டமாக நகர்த்திக்கொண்டே வரவேண்டும். மாவு தூவியது மாதிரி வெள்ளையாக இருக்கும் தகடு ஒரு மூலையில் சட்டென்று காணாமல் போகும், பொடி போய்விட்டதோ என்று நினைப்போம். போகவில்லை, உருகிக் கண்ணாடி ஆகிவிட்டது. அந்த மாற்றம் ஈரம் பரவுகிற மாதிரி நகர்ந்து மறு மூலைக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் தீயை அணைத்துவிடவேண்டும். இந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் இன்னும் பத்துத் தகடு செய்வேன்.

அரிப்பதற்கு நைட்ரிக் ஆசிட் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். செம்புக்கு ஃபெர்ரிக் குளோரைடு போதும், எலெக்ட்ரானிக்ஸ் பையன்கள் சர்க்யூட் போர்டு செய்ய வாங்குகிற அதே சரக்கு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். அரைக் கிலோவை முக்கால் லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரையும்போதே பயங்கரமாகச் சூடேறி ஆவி கிளம்பும், மாடியில் காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். சொட்டினால் எடுக்க முடியாத மஞ்சள் கறை. என் மாடித் தரையில் இந்தியா வரைபடம் மாதிரி ஒன்று இருக்கிறது, இலங்கை உட்பட.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஃபெர்ரிக் செம்பைத் தின்னும்போது வண்டல் உண்டாகி, அதே பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே அரிக்கவிடாமல் தடுக்கும். அதனால் தகட்டைக் கவிழ்த்துப் போடவேண்டும். பின்பக்கம் முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டி, அதிலேயே இரண்டு காது விட்டு, டப்பாவின் விளிம்பில் தொங்கவிட்டேன்.

பட்டை பட்டையாக நேரம் மாற்றுவதற்கு அரக்கு. பாலிஷ் போடும் ஆசாரிகள் வாங்கும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, எங்கே அரிக்கக் கூடாதோ அங்கே பிரஷ்ஷால் பூசுவது. பெயிண்டிங் பழகின மூளைக்கு இது தலைகீழ்ப் பாடம். வெள்ளையாக நிற்கவேண்டிய இடத்தை முதலில் பூசி மூடுகிறோம், பத்து விநாடி திரவத்தில், வெளியே எடுத்துக் கழுவி, அடுத்த வெளிர் இடத்தை மூடுகிறோம், அரை நிமிஷம், மறுபடி கழுவு, மூடு. கடைசியில் மூடாமல் மிஞ்சி நிற்பதுதான் கறுப்பு. அதாவது பிரஷ்ஷால் தொடாத இடம்தான் அதிகம் இருட்டும். மே மாதத்து வெயிலில் திரவமே வெதுவெதுப்பாக இருந்ததால் எனக்கு நேரமெல்லாம் கம்மியாகத்தான் ஆனது: 10 விநாடி லேசான மூட்டம், 30 விநாடி சாம்பல், 3 நிமிஷம் நல்ல அடர்த்தி, 12 நிமிஷம் கறுப்பு. இன்னும் கறுக்கட்டும் என்று முதல் தகட்டை அரை மணி நேரம் விட்டதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். துகள்களின் அடிப்பக்கத்தையும் அரித்துத் தின்றுவிட்டது, மை பிடிக்கச் சொரசொரப்பே இல்லாமல் வழுவழு பள்ளமாகி, அச்சில் வெளிறிய சாம்பல்தான் வந்தது.

நாலாவது தகட்டில் நடுப்பட்டையை மட்டும் நேரக் கணக்கு இல்லாமல் ஸ்பிட் பைட் முறையில் செய்தேன். பொடி ஒட்டின தகட்டில் பிரஷ்ஷாலேயே ஃபெர்ரிக்கைத் தொட்டு வைப்பது. பெயரிலேயே எச்சில் இருக்கிறது, அந்தக் காலத்தில் திரவம் ஓடாமல் நிற்க எச்சிலைத் தடவியிருக்கிறார்கள். நான் கருவேலம் பிசின் கரைத்த தண்ணீர் தடவினேன். நீலக்கறுப்பாக ஓரம் மங்கி, வாட்டர்கலர் தேங்கி நின்றது மாதிரி விழுந்தது. மூன்று பட்டைகளில் எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் மேல்பட்டை தேவைக்கு மேல் கனத்துவிட்டது. கேன்வாஸாக இருந்தால் வெள்ளையை எடுத்து ஒரு இழுப்பு. இங்கே சுரண்டியால் சுரண்டி, தட்டார்கள் மெருகு போடுகிற வழுவழுப்பான எஃகுக் கருவியால் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்க்கவேண்டும், சொரசொரப்பு அடங்க அடங்க வெளிறும். மூன்று சாயங்காலம் தேய்த்தேன். வெளிறியது, ஆனால் போகவில்லை. எங்கே இருந்தது என்கிற சுவடு விடாமல் நின்றது. ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற அமெரிக்க ஓவியர் ஞாபகத்துக்கு வந்தார். 1967 முதல் சான்டா மோனிகாவில் 'ஓஷன் பார்க்' என்று பெரிய பெரிய அரூப ஓவியங்கள் போட்டவர். போட்ட கோட்டை மாற்றினால் பழைய கோடு பூச்சுக்கு அடியில் லேசாகத் தெரியும்படியே விட்டுவிடுவார். அதே ஆள் கலிஃபோர்னியாவில் கிரௌன் பாயிண்ட் பிரஸ்ஸில் அச்சும் செய்தார். 1965-ல் அங்கே வெளிவந்த முதல் தொகுப்பில் எட்சிங்கும் (ஆசிட்டால் கோட்டை அரித்தெடுக்கும் முறை) டிரைபாயின்ட்டுமாக 41 அச்சுகள், பின்னால் 1986-ல் செய்த 'கிரீன்' என்பதில் ஸ்பிட் பைட் அக்வாடின்ட்டும் டிரைபாயின்ட்டும் ஒன்றாக. கேன்வாஸில் அவர் வேண்டுமென்றே விட்டுவைத்ததைச் செம்பு கேட்காமலே விட்டுவைக்கிறது. இதைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை, தோள்பட்டை வலித்தபோதுதான் உறைத்தது.

டிரைபாயின்ட்டைக் கடைசியில்தான் போடவேண்டும். முதலிலேயே கீறினால் ஃபெர்ரிக் பிசிறைத் தின்றுவிடும். ஊசிக்கு லேத் பட்டறையில் இரும்பில் குறி போடும் கார்பைடு முனை ஸ்க்ரைபரையே வாங்கிக்கொண்டேன். ஊசியை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் பிசிறு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம், சாய்த்துப் பிடித்தால் ஒரே பக்கம் கனமாக. செம்பு மிருதுவானது என்று சொல்கிறார்கள், மிருதுவாக எல்லாம் இல்லை. நேர்கோடு போடலாம், வளைவு எடுக்கப் போனால் ஊசி நம் பேச்சைக் கேட்காது, பழைய கீறலைக் கண்டால் அதற்குள் போய் விழுந்துகொள்ளும். நான் நெட்டுக்குத்தாகப் பதினோரு கோடு போட்டேன், ஒவ்வொன்றிலும் நாலைந்து முறை ஊசி ஓட்டி. நாலு சாயங்காலம் ஆனது. விரலை மேலே ஓடவிட்டால் பூனை நாக்கு மாதிரி இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஒரு ஓரம் சரியாகச் சரிவு எடுக்காமல் கம்பளியைக் கிழிப்பது மாதிரி இருந்ததால், அதை மட்டும் ராவிக் கொடுங்கள் என்று லேத் அண்ணனிடம் தகட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனேன். துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். "மேல ஒரே பிசிறா இருந்துச்சு தம்பி. கையக் கிழிச்சிடும்னு எமரி பேப்பர்ல ரெண்டு தேய் தேய்ச்சு எடுத்துட்டேன். அதுக்குக் காசு வாணாம்." தகடு வெளிச்சத்தில் ஜொலித்தது.

அவர் மேல் என்ன தப்பு? நாற்பது வருஷமாகப் பிசிறு என்றால் எடுக்கவேண்டியது. பிசிறோடு ஒரு சாமானைக் கஸ்டமர் கையில் கொடுத்தால் அது அவருக்குக் கேவலம். அந்தப் பிசிறுதான்ணா படமே என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "இன்னாபா, முன்னாடியே சொல்றதில்ல?" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு அச்சு எடுத்துப் பார்த்தேன். பதினோரு கோடும் மறைந்துவிடவில்லை, பிசிறு போனாலும் பள்ளம் இருக்கிறதே. மெல்லிசாக, பென்சிலால் இழுத்த மாதிரி, உயிரில்லாத சாம்பல் கோடுகளாக நின்றன. வலது கீழ் மூலையில் எமரி பட்ட இடத்தில் கறுப்பும் வெளிறியிருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பழைய கோடுகளின் மேலேயே ஊசி ஓட்டலாம் என்று உட்கார்ந்து, முதல் கோட்டிலேயே கை ஒரு நூல் தள்ளிப் போய்விட்டது. பழையது சாம்பலாக ஒரு பக்கம், புதுசு கறுப்பாகப் பஞ்சு விட்டுக்கொண்டு அதன் பக்கத்தில். சரி, எல்லாவற்றையும் தள்ளியே போடுவோம் என்று ஒன்பது கோடு போட்டேன். இரண்டு பழைய கோட்டுக்கு ஜோடி இல்லை, அவை அப்படியே கிடக்கின்றன. வெளிறிய மூலையைத் தொடவில்லை. இது பிரமாதமாக வந்தது என்று சொல்லவரவில்லை, மூலை இன்னும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஜோடிக் கோடுகளை நானாக யோசித்துப் போட்டிருக்கமாட்டேன்.

அச்சு எடுப்பதைப் பற்றி. எட்சிங் மை வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். ஆஃப்செட் அச்சகத்தில் வாங்கிய கறுப்பு மையில் ஆளிவிதை எண்ணெயும் சாக்பீஸ் தூளும் சேர்த்துக் கல்லில் அரைத்தேன். தோசை மாவு பதத்துக்கும் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழவேண்டும். எண்ணெயின் அளவை மாற்றினால் மையின் குணமே மாறும். கலாக்ஷேத்ராவில் கொஞ்ச காலம் ஓவியம் சொல்லிக்கொடுத்த அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி, பின்னால் பாரிஸ் போய், மைகளின் இளக்கத்தை மாற்றி மாற்றியே ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒன்றோடொன்று கலக்காமல் ஏற்றிய மனிதர். நான் ஒரு கறுப்போடு மல்லுக்கட்டுகிறேன். தகட்டைச் சூடு செய்ய ஹாட் பிளேட் தேவைப்படவில்லை, மாடித் திண்டில் பத்து நிமிஷம் வைத்தால் போதும், வெயில் பார்த்துக்கொள்ளும்.

துடைக்க டார்லட்டன் என்ற மொடமொடப்பான வலைத்துணி வேண்டும் என்கிறார்கள். நான் மல் துணியில் சாதக் கஞ்சி போட்டுக் காயவைத்து, கசக்கி, உருட்டிப் பந்தாக்கிக்கொண்டேன். வட்டமாக, அழுத்தாமல். கடைசியில் உள்ளங்கையில் சாக்பீஸ் தூள் தொட்டுத் தகட்டை உரசி உரசி இழுப்பது. இங்கே எல்லோருக்கும் கை அதிகமாகிவிடும், சுத்தம் செய்கிற புத்தி. பிசிறில் இருக்கும் மையையும் சேர்த்து எடுத்துவிடுவோம். தகடு கொஞ்சம் அழுக்காக இருக்கும்போதே நிறுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு அச்சு வீணாகியது.

காகிதம் புதுச்சேரியிலிருந்து வந்த கையால் செய்த பருத்திக் காகிதம், 300 கிராம் கனம். முந்தின ராத்திரி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் ஒற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்தால் காலையில் ஈரம் சமமாகப் பரவியிருக்கும். தொட்டால் ஜில்லென்று இருக்கவேண்டும், பளபளக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை வந்துவிடும். தகட்டின் மேல் காகிதம், அதன் மேல் மெல்லிய ஃபெல்ட் ஒன்று, கம்பளி இரண்டு மடிப்பு. சக்கரத்தைச் சுற்றும்போது தகட்டின் ஓரத்தில் ஏறுகிற அந்த ஒரு கணம் கை கனக்கும், அப்புறம் ஒரே சீராகப் போகும். கனக்கவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை, போல்ட்டை இறுக்குங்கள். காகிதத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓட்டவேண்டும், நிறுத்தினால் அங்கே ஒரு குறுக்குக் கோடு விழும்.

மொத்தம் ஒன்பது அச்சு எடுத்தேன். முதல் மூன்றில் கோடுகளைச் சுற்றிக் கம்பளிப்பூச்சி மாதிரி கறுப்பு. ஆறாவதில் அது பாதி. ஒன்பதாவதில் புதுக்கோடும் பழைய கோடும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் பிசிறு படுத்துக்கொள்கிறது, டிரைபாயின்ட்டின் ஆயுசு அவ்வளவுதான். மின்முலாமாக மேலே மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றினால் இன்னும் நிறைய எடுக்கலாம். எனக்கு அத்தனை பிரதி வேண்டியதில்லை. அக்வாடின்ட் பட்டைகள் ஒன்பதிலும் அசையவில்லை.

மிஞ்சிய ஃபெர்ரிக்கைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கு விஷம், எங்கள் பக்கத்துக் கால்வாயும் கழிமுகமும் ஏற்கெனவே படுகிற பாடு போதும். வாஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்து நுரைத்து அடங்கும், அடியில் சேறு தங்கும். என் சேறு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது, டப்பாவின் மேல் மண்டை ஓடு வரைந்து வைத்திருக்கிறேன். அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒரேயடியாகக் கொடுக்கவேண்டும்.

அச்சுகளை முதலில் துணிக்கொடியில் கிளிப் போட்டுத்தான் தொங்கவிட்டேன், அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. மறுபடி ஈரம் காட்டி அட்டைகளுக்கு நடுவில் அடுக்கி, மேலே அம்மிக்கல். அதற்கு முன் கொடியில் தொங்கிய அரை நாளில் அம்மா வடாம் காயப்போட மாடிக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், நாலாவது அச்சில் கீழ்ப்பட்டையின் கறுப்பை ஒரு விரலால் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் போகலையா இந்தக் கரி?"

ஆஃப்செட் மை காய ஒரு வாரம் ஆகும் என்று அப்புறம்தான் சொன்னேன். அந்த அச்சில் இப்போது அவர் விரல் ரேகையும் இருக்கிறது, ஓரத்து வெள்ளையில், கறுப்பாக.